பத்தொன்பது ஒன்றுகள்

எனக்குக் கோபம் வந்துவிட்டால் கணக்கு வராது. இருபது வருடத்துக்கு மேலாகப் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு நடத்துகிறவள் இப்படிச் சொல்லக் கூடாதுதான். ஆனால் உண்மை அது. கோபத்தில் ஏழெட்டு ஐம்பத்தாறா ஐம்பத்து நான்கா என்று ஒரு கணம் தடுமாறுவேன். அந்தத் தடுமாற்றம் வெளியே தெரியாமலிருக்க இன்னும் கொஞ்சம் சத்தம் போடுவேன். பிள்ளைகள் பயந்து நோட்டுக்குள் குனிந்துகொள்வார்கள். இத்தனை வருடத்தில் அதை ஒரே ஒரு ஆள்தான் கண்டுபிடித்தார். அவருக்கு நான் செய்ததை இதுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை.

கடத்தூர் பக்கம் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் அப்போது வேலை பார்த்தேன். பாப்பாரப்பட்டியிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். ஒரு வருடம் பள்ளிச் சுவர்களையெல்லாம் வெள்ளையடித்து, ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு சுவர் என்று ஒதுக்கி, படமும் எழுத்துமாக நிரப்பச் சொன்னார்கள். அறிவியல் டீச்சர் கோள்களை எடுத்துக்கொண்டார். சமூக அறிவியலுக்கு இந்திய வரைபடம். எனக்குக் கிடைத்தது வாசல் கேட்டுக்குப் பக்கத்துச் சுவர், முப்பது அடி நீளம். வருகிறவர் போகிறவர் எல்லோர் கண்ணிலும் முதலில் படுவது அதுதான். தலைமையாசிரியர் செங்கோண முக்கோணம் ஒன்று வரையலாம் என்றார். எந்தப் பள்ளிக்குப் போனாலும் அதே முக்கோணம்தான் சுவரில் நிற்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. நான் வேறு கணக்கு டீச்சர் என்று ஊருக்குத் தெரிய வேண்டாமா? அந்தக் கர்வத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

நான் எடுத்துக்கொண்டது ஒரு எண். ஒரே ஓர் எண்தான், ஆனால் பெரியது. பத்தொன்பது ஒன்றுகளை வரிசையாக எழுதினால் வருவது. வாயால் சொல்வதென்றால் பதினோராயிரத்து நூற்றுப் பதினொரு கோடி கோடி என்று தொடங்கி மூச்சு வாங்கும்வரை போக வேண்டும். அது ஒரு பகா எண். தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறு எதாலும் மீதியின்றி வகுபடாது.

இதில் என்ன அதிசயம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் விளக்கம் இது. இரண்டு ஒன்றை எழுதினால் பதினொன்று, பகா எண். மூன்று எழுதினால் நூற்றுப் பதினொன்று. பார்க்கப் பகா எண் போலத்தான் இருக்கும், ஆனால் முப்பத்தேழு மூணு நூற்றுப் பதினொன்று. நான்கு ஒன்று பதினொன்றால் உடையும். ஐந்து ஒன்றை உடைக்க நாற்பத்தொன்றும் இருநூற்று எழுபத்தொன்றும் வேண்டும். ஏழு ஒன்றையும் இருநூற்று முப்பத்தொன்பது உடைத்துவிடும். இப்படியே பதினெட்டு வரைக்கும் ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டு போனால் எல்லாமே எங்கேயாவது உடைந்துவிடும். பத்தொன்பதாவதில் வந்துதான் எண் உடையாமல் நிற்கும். ஒன்றைத் தவிர வேறு இலக்கமே இல்லாத எண் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதைக் கல்லூரியில் முதன்முதலில் படித்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அதைச் சுவரில் ஏற்ற வேண்டும் என்று பத்தொன்பது ஒன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.

எழுத வந்த பெயிண்டர் அதே ஊர்க்காரர். ஐம்பதை ஒட்டிய வயது. மடித்துக் கட்டிய லுங்கி, காதில் ஒரு பென்சில், சட்டைப் பையில் மெல்லிய பாட்டுப் பாடிக்கொண்டிருக்கும் போன். சுற்று வட்டாரத்தில் அங்கன்வாடி, நூலகம், கோயில் மதில் என்று அவர் கை படாத சுவர் குறைவு. எழுதி முடித்தால் கீழே வலது ஓரத்தில் சின்னதாகத் தன் பெயரைப் போடுவார். வேகமான ஆள் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆனால் என் சுவருக்கு முன்னால் அரை நாள் சும்மா நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு நீளக் கயிறு. அதை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். நான் போய் என்னவென்று கேட்டேன்.

“அடங்க மாட்டேங்குதுங்க டீச்சர்” என்றார். “சொவத்து நீளத்துக்குக் கயிறு வெட்டிக்குவேனுங்க. அத ரெண்டா மடிச்சா நடு கெடைக்கும். மறுக்கா மடிச்சா கால்வாசி. மூணா மடிக்கிறதும் உண்டு. அப்படி மடிச்சு மடிச்சுத்தானுங்க எடம் பிரிப்பேன். இது ரெண்டா மடிச்சாலும் ஒண்ணு மிச்சம், மூணா மடிச்சாலும் ஒண்ணு மிச்சம். நாலா மடிச்சா மூணு மிச்சம். எப்படிங்க எடம் பிரிக்கிறது?”

“கண்ணளவா எழுதிடுங்களேன்.”

“எழுத்துன்னா கண்ணளவு போதுமுங்க. எல்லாமே ஒண்ணு ஒண்ணா நின்னா ஒரு இஞ்ச் தள்ளிப் போனாலும் பல்ல இளிக்குமுங்க.”

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நான் கரும்பலகையில் அரை மணி நேரம் நிரூபிக்கும் விஷயத்தை அந்த மனிதர் கயிற்றில் பிடித்து வைத்திருந்தார். சொன்னேன்: “அதான் விஷயமே. ஒண்ணுங்கள சமமா மடிக்க முடிஞ்சா எண்ணும் உடைஞ்சிடும். ஆறு ஒண்ணு இருக்குதுன்னு வச்சுக்குங்க. ரெண்டா மடிச்சா மூணு மூணு. அப்ப அந்த எண்ணு நூத்திப் பதினொண்ணால வகுபடும். மூணா மடிச்சா ரெண்டு ரெண்டு. பதினொண்ணாலயும் வகுபடும். மடியவே மாட்டேங்குதுன்னாத்தான் தப்பிக்க வழி இருக்குது.”

அவர் கயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அப்ப மடியாத எண்ணிக்க எல்லாமே தப்பிச்சிருமுங்களா?”

இந்தக் கேள்வியை என் வகுப்பில் ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. இல்லை, அஞ்சும் மடியாது, ஆனால் நாற்பத்தொன்றால் உடைந்துவிடும் என்றேன். அஞ்சு ஒன்றையும், நாற்பத்தொன்று, இருநூற்று எழுபத்தொன்று என்ற இரண்டு எண்களையும் பென்சிலால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

மறுநாள் காலை நான் கேட்டுக்குள் நுழைவதற்கு முன்பே எதிரில் வந்து நின்றார். “போன்ல பெருக்கிப் பாத்தேனுங்க டீச்சர்! சரியா அஞ்சு ஒண்ணு வந்து நிக்குதுங்க. வூட்ல எல்லாத்துக்கும் காட்டுனேன்.” பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “இதே பள்ளிக்கூடத்துலதானுங்க படிச்சேன். பத்தாவதுல கணக்குல போயிட்டேன். ரெண்டு வாட்டி எழுதியும் வரல. அதோட கணக்கு நமக்கு ஆவாதுன்னு வுட்டுட்டேன். இப்ப என்னமோ புரியற மாதிரி இருக்குதுங்க. இந்தச் சொவத்துக்கு மட்டும் என் பேரக் கொஞ்சம் பெருசாப் போட்டுக்கட்டுங்களா?”

போட்டுக்கொள்ளச் சொன்னேன். அவர் முகத்தில் அப்போது இருந்த சந்தோஷம் இப்போதும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பள்ளிப் படிப்பை விட்டு முப்பது வருடம் கழித்து, தன்னைத் தோற்கடித்த அதே கட்டடத்தின் வாசலில், தனக்குப் புரிந்த ஒரு கணக்கை அவர் எழுதப் போகிறார். அது அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியே இல்லை.

மூன்று நாளில் எழுதி முடித்தார். ஓர் அட்டையை அளந்து வெட்டி, ஒவ்வொரு ஒன்றுக்கும் நடுவில் அதை வைத்துப் பார்த்து எழுதினார். கருநீலத்தில் ஆளுயர ஒன்றுகள். இரண்டு பக்கமும் ஒரு முழம் வெள்ளையாக விட்டிருந்தார். கீழே “இது ஒரு பகா எண்” என்று சிவப்பில் ஒரு வரி.

அது ஒரு வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை கல்வித் துறையிலிருந்து ஓர் அதிகாரி சுவர்களைப் பார்க்க வருவதாக இருந்தது. அன்று மதியம் ஆசிரியர் கூட்டத்தில் தலைமையாசிரியர் அரையாண்டுத் தேர்வில் கணக்கில் தவறிய பிள்ளைகளின் பட்டியலை எடுத்து வைத்து, எல்லோர் முன்னிலையிலும் என்னைப் பிடி பிடியென்று பிடித்தார். சுவரில் காட்டும் அக்கறையை வகுப்பில் காட்டியிருந்தால் தேவலை என்றும் ஒரு வார்த்தை விட்டார். நான் கொதித்துப்போய் வெளியே வந்தேன். நேராகச் சுவருக்கு முன்னால் போய் நின்றேன். வேப்ப மரத்தடியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். பெயிண்டர் தன் பெயரை எழுதுவதற்காகக் கீழே குந்தியிருந்தார்.

நான் வாய்க்குள் எண்ணினேன். பதினெட்டு வந்தது.

“ஒண்ணு கொறையுதே” என்றேன்.

அவர் எழுந்து நின்றார். “இல்லைங்களே டீச்சர். அட்டைய வச்சுக் கட்டம் கட்டமாத்தானுங்க எழுதுனேன். பத்தொம்பது இருக்குதுங்க.”

“நான் இப்பதான் எண்ணினேன். பதினெட்டு.”

“மறுக்கா ஒருவாட்டி எண்ணிப் பாருங்களேன். ஒண்ணு மாதிரியே எல்லாம் இருக்கிறதால கண்ணு தாண்டியிருக்குமுங்க.”

நான் மறுபடி எண்ணியிருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது. அரை நிமிட வேலை. ஆனால் மரத்தடிப் பிள்ளைகள் தலை தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே தலைமையாசிரியரிடம் வாங்கியது இன்னும் காதில் எரிந்துகொண்டிருந்தது. “பத்தாவதுல கணக்குல பெயிலான ஆளு எனக்கு எண்ணக் கத்துக் குடுக்கறீங்களா?” என்று கத்தினேன். பிள்ளைகளில் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அவர் பெயிண்ட் டப்பாவை எடுத்தார். வலது ஓரத்தில் விட்டிருந்த ஒரு முழ வெள்ளையில் இன்னொரு ஒன்றை எழுதினார். பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நான்காவதாக ஒண்டிக்கொண்டவர்போல அது கேட்டுத் தூணை ஒட்டி இடுக்கிக்கொண்டு நின்றது. நான் ஸ்டாஃப் ரூமுக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தேன்.

நாலு மணிக்குக் கிளம்பும்போது அவர் என்னைக் கூப்பிட்டார். தயங்கித் தயங்கித்தான் பேசினார். கயிற்றைப் புதிதாக வெட்டி ஒவ்வொரு ஒன்றுக்கும் ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். “கோவிச்சுக்காதீங்க டீச்சர். இப்பப் பாருங்க, ரெண்டா மடியுது. நாலா மடியுது. அஞ்சாவும் மடியுது. மிச்சமே இல்லைங்க. நீங்கதான சொன்னீங்க, மடிஞ்சா ஒடைஞ்சிரும்னு? இது இப்பப் பதினொண்ணால வகுபடுமுங்க. அப்ப இது இருபதுதானுங்க, பத்தொம்பது இல்ல. கீழ பகா எண்ணுன்னு எழுதியிருக்கிறது பொய்யாப் போயிடுமுங்களே.”

அந்த இடத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. சுவரைத் திரும்பிப் பார்த்து எண்ணக்கூட வேண்டியிருக்கவில்லை. அவர் சொன்னது ஓர் அப்பழுக்கில்லாத நிரூபணம். எண்ணிக்கை இரட்டைப்படை, ஆகவே பதினொன்றால் வகுபடும், ஆகவே பகா எண் அல்ல, ஆகவே டீச்சர் எண்ணியது தவறு. ஒரு படிகூடத் தாண்டாமல் வந்திருந்தார். என் பிளஸ் டூ மாணவன் ஒருவன் இப்படிச் சொல்லியிருந்தால் அவனைக் கையோடு தலைமையாசிரியரிடம் கூட்டிக்கொண்டு போயிருப்பேன்.

“யாரு வந்து எண்ணப் போறாங்க? விடுங்க” என்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நடையைக் கட்டினேன். ஒரு கை வெள்ளை பெயிண்ட் அடித்தால் போதும், அந்த இருபதாவது ஒன்று மறைந்துவிடும். ஆனால் அடிக்கச் சொல்ல வேண்டுமே. சொன்னால் அந்த மரத்தடிப் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும், டீச்சர் எண்ணியது தப்பு என்று. கணக்கில் தவறிய ஆள் சரியாக எண்ணினார் என்று. அதற்கு எனக்கு மனம் வரவில்லை.

எங்கே தவறினேன் என்பது பஸ்ஸில் வரும்போது பிடிபட்டது. எங்கள் வீட்டில் கேழ்வரகை வள்ளத்தால் அளக்கும்போது முதல் வள்ளத்துக்கு யாரும் ஒன்று என்று சொல்லமாட்டார்கள். லாபம் என்பார்கள். லாபம், இரண்டு, மூன்று என்று போகும். அப்பா அளக்க, சின்ன வயதில் நானும் கூடவே சொல்லியிருக்கிறேன். இன்றைக்கும் எதையாவது வாய்க்குள் எண்ணினால் முதலில் லாபம் என்றுதான் வரும். அன்றைக்குக் கோபத்தில் லாபம் என்று ஆரம்பித்து, பிறகு எனக்குள் இருந்த கணக்கு டீச்சர் விழித்துக்கொண்டு ஒன்று, இரண்டு என்று போயிருக்கிறாள். முதலாவது லாபம், இரண்டாவது ஒன்று என்று தனித்தனியாகப் போய்விட்டன. அதனால்தான் பதினெட்டு. கண்டுபிடித்ததும் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம்தான் அவர் கையில் கயிறோடு நின்றது நினைவுக்கு வந்தது.

சனி, ஞாயிறு இரண்டு நாள் இருந்தது. அவர் போன் நம்பர் என்னிடம் இருந்தது. இரண்டு முறை எடுத்தேன், வைத்தேன். கூப்பிட்டு என்ன சொல்வது? நான் எண்ணியது தப்பு, நீங்கள் மடித்தது சரி என்று சொல்ல வேண்டும். ஒரே வாக்கியம். ஆயிரம் பிள்ளைகளுக்கு, “தப்பா இருந்தா அடிச்சிட்டு மறுபடி எழுது, அதுல வெட்கம் என்ன” என்று சொல்லியிருக்கிறேன்.

திங்கட்கிழமை அதிகாரி வந்தார். அவர் முன்னாள் கணக்கு வாத்தியார் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. கோள்களையும் வரைபடத்தையும் தலையசைத்துவிட்டுக் கடந்தவர் என் சுவருக்கு முன்னால் நின்றுவிட்டார். முகம் மலர்ந்தது. “அட, யார் வேலை இது?” என்றார். தலைமையாசிரியர் என்னை முன்னால் தள்ளினார். அதிகாரி பேனா மூடியால் காற்றில் தட்டித் தட்டி எண்ணினார். ஒரு முறை எண்ணியவர் நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

“மேடம், பத்தொன்பது ஒன்றுதானே பகா எண்? இங்க இருபது இருக்கே. கடைசி ஒண்ணு வேற ஏன் இப்படி இடுக்கிக்கிட்டு நிக்குது?”

சுற்றிலும் ஆசிரியர்கள், வரிசையில் நிறுத்தப்பட்ட பிள்ளைகள், பெற்றோர் சிலர். பத்தடி தள்ளி, தண்ணீர்த் தொட்டிச் சுவரில் ஏணி மேல் நின்று பெயிண்டர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

“நான் பத்தொன்பதுன்னுதான் சார் எழுதிக் கொடுத்தேன்” என்றேன். “பெயிண்டர் ஒண்ணு கூடப் போட்டுட்டார்.”

அந்த இரண்டு வாக்கியத்திலும் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நான் எழுதிக் கொடுத்தது பத்தொன்பதுதான். கூட ஒன்று போட்டவர் அவர்தான். கணக்குப் படித்தவளின் பொய் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது, எந்த வரியையும் பிடித்துத் தப்பு என்று வட்டம் போட முடியாது. அதை நினைத்தால் இப்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அதிகாரி ஏணியைப் பார்த்தார். “ஏங்க, எண்ணிப் பாத்து எழுத மாட்டீங்களா?”

பெயிண்டர் கீழே இறங்கி வந்தார். என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. இரண்டு மூன்று விநாடி இருக்கும். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“தப்புதானுங்க சார்” என்றார். “மாத்திடறேனுங்க.”

தலைமையாசிரியர் நிலைமையைச் சமாளிக்க நினைத்து, “நம்ம பள்ளி பழைய மாணவர்தான் சார் அவர். அப்பவே கணக்குல கொஞ்சம் வீக்கு” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிள்ளைகள் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார். நானும் சிரித்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் சிரித்தேன்.

அன்று மாலைக்குள் அவர் அந்தக் கடைசி ஒன்றின் மேல் வெள்ளையடித்துவிட்டார். இரண்டு பக்கமும் பழையபடி ஒரு முழம் சமமாக ஆகிவிட்டது. எண் சரியாகிவிட்டது. ஆனால் வலது ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்த இடத்தில் அவர் பெயர் இல்லை. பெரிதாகவும் இல்லை, சின்னதாகவும் இல்லை. மற்ற எல்லாச் சுவரிலும் இருந்தது.

அடுத்த ஊர்ப் பள்ளிக்கும் அவரையே அனுப்புவதாக இருந்த தலைமையாசிரியர் மனதை மாற்றிக்கொண்டார். பிள்ளைகள் அவரைக் கண்டால் “இருபது, இருபது” என்று முணுமுணுத்துக்கொண்டு ஓடினார்கள். டீக்கடையில்கூட, ஒன்று எழுதச் சொன்னால் இரண்டு எழுதுவார் என்று யாரோ கிண்டல் செய்ததாக ஆயாம்மா வந்து சொன்னார். சொல்லிவிட்டு அவரும் சிரித்தார். எல்லோருக்கும் அது ஒரு நல்ல வேடிக்கைக் கதையாகிவிட்டது. நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அன்றைக்கு யார் யாருக்கு எவ்வளவு மதிப்பெண் போட்டேனோ தெரியாது.

நடுவில் எத்தனையோ வாய்ப்பு வந்தது. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நான் பேசும் முறை வந்தது. நேர்மை என்ற தலைப்புக் கொடுத்தார்கள். வயிற்று வலி என்று லீவு போட்டுவிட்டேன். அந்த ஏப்ரலில் அவர் பள்ளிப் பக்கமே வரவில்லை. மே மாதக் கலந்தாய்வில் எனக்குக் கம்பைநல்லூர் பக்கம் மாறுதல் கிடைத்தது. இனிமேல் அந்தச் சுவர் வழியாகப் போக வேண்டியதில்லை என்று நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியும் எனக்கு அசிங்கமாகப் பட்டது.

பள்ளியை விட்டு விடுபட்ட அன்று ஒரு முடிவோடு அவர் வீட்டுக்குப் போனேன். ஊர்க் கடைசியில், ஓடு போட்ட வீடு. வாசலில் அவர் மனைவி புளி தட்டிக்கொண்டிருந்தார். “வாங்க டீச்சர், உள்ள வாங்க, வெயில்ல நிக்கறீங்களே” என்று எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலி போட்டார். பெயிண்டர் உள்ளேயிருந்து சட்டையை மாட்டிக்கொண்டே வந்தார். நான் மாறுதலில் போவதைக் கேள்விப்பட்டதாகச் சொன்னார். கம்பைநல்லூருக்கு எந்த பஸ் வசதி என்று அவரே விளக்கினார். அவர் மனைவி காப்பி கொண்டுவந்து கொடுத்தார். நான் சொல்ல வந்ததை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் முந்திக்கொண்டார். “டீச்சர், ஒண்ணு கேக்கட்டுங்களா? தப்பா எடுத்துக்கக் கூடாது.”

“கேளுங்க.”

“அன்னிக்கு வெள்ளிக்கெழம சாயங்காலம் நான் மடிச்சுக் காட்டிச் சொன்னேனுங்களே. அது உங்களுக்குப் புரிஞ்சுதுங்களா?”

சுவரைப் பற்றிக் கேட்பார் என்றுதான் நான் பயந்திருந்தேன். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டிருந்தால் அழுது மன்னிப்புக் கேட்டிருப்பேன். அவர் அதைக் கேட்கவே இல்லை. தான் போட்ட கணக்கு சரியா என்பதைத்தான் இத்தனை மாதமாக அவர் தெரிந்துகொள்ள நினைத்திருக்கிறார். புரிந்தது என்று நான் சொன்னால் போதும், அவருக்கு வேண்டியது கிடைத்துவிடும். ஆனால் புரிந்தது என்றால் திங்கட்கிழமை நான் எல்லாம் தெரிந்தே பேசினேன் என்று ஆகிவிடும். அவர் மனைவி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“இல்லைங்க” என்றேன். “பஸ் அவசரத்துல இருந்தேன். நீங்க என்ன சொன்னீங்கன்னு எனக்குச் சரியாப் புரியல.”

அவர் மனைவியைப் பார்த்துச் சொன்னார்: “நான் சொல்லல? டீச்சருக்கு மட்டும் வெளங்கியிருந்தா அப்படி வுட்டிருக்க மாட்டாங்கன்னு.” என் பக்கம் திரும்பினார். “என் மேலதானுங்க தப்பு. எனக்குக் கணக்கச் சரியா வெளக்கிச் சொல்ல வரல. பத்தாவதுலயே போனவன் இல்லைங்களா.”

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.